எடைக்கல்லான கோழி

மளிகைக்கடை இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஈயம் ஊற்றி, அதன்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருப்பதைக் காணலாம். அந்தக் கல் சரியானது என்பதற்கு அந்த முத்திரையே சான்று. ஆனால், முத்திரை குத்திய அலுவலர் அதை எதனுடன் ஒப்பிட்டார்? தம்மிடமுள்ள திட்டக் கல்லுடன். அந்தத் திட்டக் கல்லை எதனுடன் ஒப்பிட்டார்கள்? அதைவிட மேலான மற்றொரு கல்லுடன். இப்படியே கேட்டுக்கொண்டு போனால், 1889 முதல் 2019 வரை அந்தக் கேள்வி பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் பூட்டிவைக்கப்பட்ட ஓர் உருளையில் போய் நின்றது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த அந்த உருளையையே ஒரு கிலோகிராம் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன.

மாறுகின்ற ஒன்றை அளக்க வேண்டுமானால் மாறாத ஒன்று கையில் இருக்க வேண்டும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்கும் முதற்பாடம் இதுதான். இந்தப் பாடம் கோழிக்கும் பொருந்தும். கோழிகளுக்கென்றே சில பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு திட்டக் கல்லை உருவாக்கின. அந்தக் கல்லுக்கு உயிர் உண்டு. அது முட்டையிடும், கூவும், ஒருநாள் இறந்தும் போகும். அதை எப்படி உருவாக்கினார்கள், எப்படிக் காத்தார்கள், அது எதை அளந்து காட்டியது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வளர்ச்சிக்கு யார் காரணம்?

இன்றைய கறிக்கோழி, அதாவது பிராய்லர், ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. 1950-களில் இருந்த இறைச்சிக்கோழி அதே வயதில் இதில் கால் பங்கு எடைகூட இருக்காது. இந்த வேறுபாடு எப்படி வந்தது?

இனவிருத்தி செய்பவரைக் கேட்டால், "ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளரும் கோழிகளைத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்தோம், அதனால்தான்" என்பார். தீவனம் தயாரிப்பவரோ, "புரதமும் வைட்டமினும் சரியான அளவில் கலந்து கொடுத்தோம்; அதனால்தான்" என்பார். கால்நடை மருத்துவர் தடுப்பூசியைச் சொல்வார். கொட்டகை கட்டியவர் காற்றோட்டத்தைச் சொல்வார். எல்லாரும் ஓரளவு உண்மையே சொல்கிறார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு பங்கு?

ஒரு பண்ணையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்காது. சென்ற ஆண்டு ஒரு கோழியின் சராசரி எடை 1,000 கிராம், இந்த ஆண்டு 1,050 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 50 கிராம் நல்ல குஞ்சு வாங்கியதால் வந்ததா? நல்ல தீவனத்தால் வந்ததா? அல்லது இந்த ஆண்டு வெயில் குறைவாக இருந்ததால் வந்ததா? குஞ்சும் மாறிவிட்டது, தீவனமும் மாறிவிட்டது, பருவமும் மாறிவிட்டது. மூன்றும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

ஊசல் கடிகாரம் சொன்ன பாடம்

இதே போன்ற சிக்கல் இயற்பியலிலும் ஒருமுறை வந்தது. 1672 ஆம் ஆண்டில் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் ஒன்றைத் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள கயேன் நகருக்குக் கொண்டுசென்றார். அங்கே அது நாளொன்றுக்குச் சுமார் 2½ நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் அதேதான், இடம் மட்டுமே வேறு. ஆகவே அந்த 2½ நிமிடம் இடத்தைப் பற்றிய செய்தி. நிலநடுக்கோட்டருகே புவியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதே அந்தச் செய்தி.

அவர் புதிய கடிகாரம் ஒன்றை அங்கே வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. பிழை கடிகாரத்தினுடையதா, இடத்தினுடையதா என்று பிரிக்க வழியில்லை.

கோழிக்கும் இதே முறைதான். பரம்பரைக் குணங்கள் ஆண்டுக்காண்டு மாறாத ஒரு கோழி இனத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வோர் இடத்திலும், புதிய இனத்திற்குப் பக்கத்திலேயே அதையும் வளர்க்க வேண்டும். மாறாத இனத்தின் எடையில் ஏறுமாறு கண்டால் அது தீவனத்தாலும் பருவத்தாலும் வந்தது. அதற்கு மேல் புதிய இனம் காட்டும் வேறுபாடு பரம்பரையால் வந்தது. இப்படிப்பட்ட மாறாத இனத்தை ஒப்பீட்டு இனம் என்று அழைப்போம்.

ஒரு பல்கலைக்கழகத்தால் முடியாதது

சரி, இந்த ஒப்பீட்டு இனத்தை யார் வளர்ப்பது? கோழி விற்கும் நிறுவனம் வளர்க்குமா? அதற்கு அதனால் ஆதாயம் இல்லை. வேகமாக வளராத, அதிகம் முட்டையிடாத கோழிக்கு ஆண்டு முழுவதும் தீவனம் போட்டுக்கொண்டிருப்பது வீண் செலவாகவே அதற்குத் தோன்றும். மேலும், தன் சரக்கை எடைபோடும் கல்லை வணிகரே செய்துகொண்டால் அந்த எடையை யார் நம்புவார்கள்? எனவே இது ஆதாயம் தேடாத பல்கலைக்கழகங்களின் வேலை.

அமெரிக்காவில் இதற்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 1862 ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்க நிலம் வழங்கியது. 1887 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கல்லூரிகளுடன் இணைந்த ஆய்வு நிலையங்களுக்குப் பணம் தந்தது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் ஆராய்ந்தது. ஜார்ஜியாவில் ஒருவர் தம் கோழிகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவார். கார்னெலில் மற்றொருவர் தம் கோழிகளைக் கொண்டு வேறொரு முடிவுக்கு வருவார். முடிவு வேறுபட்டது இனத்தாலா, குளிராலா, தீவனத்தாலா? இருவரும் வெவ்வேறு கடிகாரங்களை வெவ்வேறு ஊர்களில் வைத்துப் பார்த்தவர்கள், ஒப்பிடுவதற்கு வழியில்லை.

1946 இல் வந்த மற்றொரு சட்டம் நிலைமையை மாற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்குப் பொதுவான சிக்கல்களை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநில ஆய்வு நிலையங்கள் சேர்ந்து ஆராய்வதற்கென்றே ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நாடு வடகிழக்கு, தெற்கு, வடமத்தி, மேற்கு என்று நான்கு பகுதிகளாகக் கொள்ளப்பட்டது. ஒரு திட்டத்தில் சேரும் ஒவ்வொரு மாநிலமும் தன் ஆய்வாளரை ஒரு குழுவுக்கு அனுப்பும். குழு கூடி, எதை அளப்பது, எப்படி அளப்பது, யார் எந்தப் பகுதியைச் செய்வது என்று முடிவு செய்யும்.

இப்படி அமைந்த திட்டங்களில் கோழியின விருத்தியும் ஒன்று. தென்பகுதிப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் திட்டத்திற்காக ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் ஒப்பீட்டு இனங்கள் வளர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1950-களில் கனடாவிலிருந்து வந்த இறைச்சிக்கோழி இனம். வந்த ஊரின் பெயரையும் வளர்ந்த ஊரின் பெயரையும் சேர்த்து அதனை 'ஏதென்ஸ்–கனடிய ரேண்டம்பிரெட்' என்று அழைத்தனர். 'ரேண்டம்பிரெட்' என்றால், நல்லது கெட்டது பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இணைசேர்த்து வளர்த்த இனம் என்று பொருள். வடகிழக்கில் கனெக்டிகட், கார்னெல் என்ற இரு ஒப்பீட்டு இனங்களைப் பற்றிய விவரங்கள் 1959 இல் வெளியாயின. வடமத்திப் பகுதிக்கு இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டு ஆய்வகம் இயங்கியது.

பண உதவியைவிடப் பெரிய நன்மை ஒன்று இந்தக் கூட்டுறவில் இருந்தது. ஒரே இனத்தின் முட்டைகளைப் பல மாநிலங்களுக்கும் அனுப்பிப் பொரிக்க வைக்கலாம். ரிஷேயின் கடிகாரம்போல ஒரே கோழி பல ஊர்களுக்கும் பயணம் செய்யும்.

கோழியை எப்படி மாறாமல் வைத்திருப்பது?

உலோக உருளையை மூன்று கண்ணாடி மூடிகளுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். கோழியை அப்படிச் செய்ய முடியாது. அது சில ஆண்டுகளில் இறந்துவிடும். அதன் குஞ்சுகள் அதன் இடத்திற்கு வரவேண்டும். தலைமுறை மாறும், ஆனால் இனத்தின் சராசரிக் குணம் மாறக்கூடாது. இது கயிற்றின்மேல் நடப்பது போன்ற வேலை.

இங்கே இரண்டு எதிரிகள் உண்டு. முதல் எதிரி தேர்வு. குஞ்சுகளுள் கொழுத்ததைப் பார்த்தால் அதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வளர்ப்பவருக்கு ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் இனம் மெல்ல மாறிவிடும். இதற்கு மருந்து குலுக்கல். எந்தக் குஞ்சு அடுத்த தலைமுறைக்குப் போவது என்பதை மனிதர் தீர்மானிக்கக்கூடாது; சீட்டே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் எதிரி அந்தக் குலுக்கலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நாணயத்தை 1,000 முறை சுண்டினால் தலை ஏறக்குறைய பாதி முறை விழும். 10 முறை மட்டும் சுண்டினால் 7 முறை தலை விழுந்தாலும் வியப்பில்லை. கோழி தன் குஞ்சுக்கு மரபணுக்களைக் கொடுப்பதும் நாணயம் சுண்டுவது போன்றதே. தன்னிடமுள்ள ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்றை மட்டுமே அது கொடுக்கிறது. எது போகும் என்பது தற்செயல். கூட்டம் சிறியதாக இருந்தால் சில மரபணுக்கள் யாரும் விரட்டாமலே காணாமல் போய்விடும். போனது திரும்பி வராது.

அப்படியானால் 300 கோழிகள் இருந்தால் போதுமா? அது 300 என்ற எண்ணை மட்டும் பொறுத்ததன்று. 10 சேவலும் 290 பெட்டையும் உள்ள கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். பிறக்கும் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் தந்தையர் பத்தே பேர். மரபுப் பொருளில் தந்தை வழிப் பாதி முழுவதும் அந்தப் பத்துப் பேரிடமிருந்தே வரவேண்டும். ஆகவே கூட்டத்தின் உண்மையான வலிமையை அறியப் பின்வரும் சூத்திரம் பயன்படுகிறது:

பயனுறு எண்ணிக்கை = 4 × சேவல்கள் × பெட்டைகள் ÷ (சேவல்கள் + பெட்டைகள்)

10 சேவலும் 290 பெட்டையும் என்றால் விடை சுமார் 39 தான். அதாவது 300 கோழிகளுக்குத் தீவனம் போட்டும், 39 கோழிகளின் பலனே கிடைக்கிறது. அதே 300 இல் 50 சேவலும் 250 பெட்டையும் வைத்தால் விடை சுமார் 167. தீவனச் செலவில் பெரிய வேறுபாடில்லை. பலனில் நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு!

ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டம் இழக்கும் மரபுப் பன்மையின் பங்கு, 1 ÷ (2 × பயனுறு எண்ணிக்கை). முதற்கூட்டத்திற்கு இது சுமார் 1.3 சதவீதம், இரண்டாவதற்கு 0.3 சதவீதம்.

1959 இல் கோவ், ராபர்ட்சன், லாட்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒப்பீட்டு இனத்தை எப்படி அமைப்பது என்று விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் சொன்ன வழி எளிது. ஒவ்வொரு சேவலுக்குப் பின்னும் அதன் மகன் ஒன்று அந்த இடத்திற்கு வரவேண்டும். ஒவ்வொரு பெட்டைக்குப் பின்னும் அதன் மகள் ஒன்று வரவேண்டும். எந்த மகன், எந்த மகள் என்பது மட்டும் குலுக்கல். இதனால் ஒரு குடும்பம் பெருகி மற்றொரு குடும்பம் அற்றுப்போவது தடுக்கப்படுகிறது. இம்முறையில் 50 சேவலும் 250 பெட்டையும் வைத்தால் இழப்பு தலைமுறைக்கு 0.2 சதவீதமாகக் குறைகிறது. பயனுறு எண்ணிக்கை 250 ஆக உயர்கிறது.

0.2, 1.3 என்பவை சிறிய எண்களே என்று நினைக்க வேண்டாம். கூட்டுவட்டிபோல் இவை சேரும். 44 தலைமுறைகள் கழிந்தால் 0.2 சதவீத இழப்பு மொத்தம் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டி நிற்கும். 1.3 சதவீத இழப்போ 44 சதவீதமாகிவிடும். முன்னது இன்னும் திட்டக் கல். பின்னது தேய்ந்துபோன கல்.

இந்த வேலைக்கு வேண்டியவை எவை என்று பாருங்கள். ஒவ்வொரு குஞ்சின் தாயும் தந்தையும் யாரென்று எழுதிவைக்க வேண்டும். இறக்கையில் எண் பட்டை கட்ட வேண்டும். ஆண்டு தவறாமல் பொரிக்க வைக்க வேண்டும். தொடங்கியவர் ஓய்வு பெற்ற பின்னும் வேறொருவர் தொடர வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே பலன் தெரியும் வேலை இது.

நான்கு கூட்டங்கள், நான்கு எடைகள்

பலன் தெரிந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவன்ஸ்டைன், ஃபெர்கெட், குரேஷி ஆகியோர் ஒரு சோதனை நடத்தி 2003 இல் முடிவை வெளியிட்டனர். ஏதென்ஸ்–கனடிய இனத்தின் குஞ்சுகள் ஒரு பக்கம். 2001 இல் சந்தையிலிருந்த ராஸ் 308 என்ற பிராய்லர் குஞ்சுகள் மறுபக்கம். தீவனமும் இரண்டு வகை: 1957 இல் வழக்கத்திலிருந்த முறைப்படி கலந்தது ஒன்று, 2001 முறைப்படி கலந்தது மற்றொன்று. ஆக நான்கு கூட்டங்கள். 42 ஆம் நாளில் சராசரி எடை இவ்வாறு இருந்தது:

பழைய இனம், பழைய தீவனம்: 539 கிராம்
பழைய இனம், புதிய தீவனம்: 578 கிராம்
புதிய இனம், பழைய தீவனம்: 2,126 கிராம்
புதிய இனம், புதிய தீவனம்: 2,672 கிராம்

இந்த நான்கு எண்களையும் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆராயுங்கள். முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடு 2,133 கிராம். இதில் தீவனத்தின் பங்கு எவ்வளவு? பழைய இனத்தில் தீவனத்தை மாற்றியபோது கூடியது 39 கிராமே. புதிய இனத்தில் மாற்றியபோது 546 கிராம் கூடியது. இரண்டின் சராசரி சுமார் 293 கிராம். இது 2,133 இல் ஏறத்தாழ 14 சதவீதம். மீதி 86 சதவீதம் இனத்தின் பங்கு. எல்லா வயதுகளிலும் கிடைத்த எடைகளைப் பார்த்த ஆய்வாளர்களும், மாற்றத்தில் 85 முதல் 90 சதவீதம் இனத் தேர்வாலும், 10 முதல் 15 சதவீதம் தீவனத்தாலும் வந்தது என்றே முடிவு கட்டினர்.

இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அதே நல்ல தீவனம் பழைய கோழிக்கு 39 கிராம் கொடுத்தது. புதிய கோழிக்கு 546 கிராம் கொடுத்தது. ஏன்? பழைய கோழியின் உடல் வேகமாக வளர அமைந்ததன்று. எவ்வளவு கொடுத்தாலும் அது ஓர் அளவுக்கு மேல் பயன்படுத்தாது. சிறிய பாத்திரத்தில் அண்டாத் தண்ணீரை ஊற்றினாலும் பாத்திரம் கொண்டதே நிற்கும் அல்லவா? ஆகவே இனமும் தீவனமும் தனித்தனியே வேலை செய்பவை அல்ல. கைகோத்து வேலை செய்பவை. ஒப்பீட்டு இனம் இல்லாவிட்டால் இந்த உண்மை வெளிப்பட்டே இருக்காது.

மற்றொரு கணக்கு. 1,815 கிராம் எடையை அடைய, புதிய தீவனம் உண்ட புதிய கோழிக்கு 32 நாள் போதும். ஒரு கிலோ எடைக்கு 1.47 கிலோ தீவனம் தேவை. பழைய தீவனம் உண்ட பழைய கோழிக்கு 101 நாள் வேண்டும். ஒரு கிலோவுக்கு 4.42 கிலோ தீவனம். பெருக்கிப் பாருங்கள்: ஒன்றுக்குச் சுமார் 2.7 கிலோ தீவனம், மற்றொன்றுக்குச் சுமார் 8 கிலோ!

ஆனால் திட்டக் கல் நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லாது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் இரு இனங்களின் நோய் எதிர்ப்பாற்றலும் ஒப்பிடப்பட்டது. செம்மறி ஆட்டின் இரத்தச் சிவப்பணுக்களை உடலில் செலுத்தியபோது, அவற்றுக்கு எதிரான பொருளைப் பழைய இனமே அதிகம் உண்டாக்கியது. வேறு சில எதிர்ப்புச் செயல்களில் புதிய இனம் முந்தியது. எடையைத் தேடி ஓடியபோது உடலின் மற்றப் பகுதிகளில் என்ன மாறியது என்பதை அறியவும் பழைய கோழியே வேண்டியிருக்கிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலும் இத்தகைய ஒப்பீட்டு இனங்கள் காக்கப்பட்டன: ஒன்று 1957 ஐச் சேர்ந்தது, மற்றொன்று 1978 ஐச் சேர்ந்தது. இவற்றுடன் 2005 ஆம் ஆண்டுப் பிராய்லரையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்த முடிவு 2014 இல் வெளியாயிற்று. 56 ஆம் நாளில் எடைகள் முறையே 905, 1,808, 4,202 கிராம். இடையில் ஒரு மைல்கல் இருப்பதால் இங்கே வேகத்தையும் கணக்கிடலாம். முதல் 21 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 43 கிராம் கூடியது. அடுத்த 27 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 89 கிராம் கூடியது. ஒரே ஒரு திட்டக் கல் இருந்திருந்தால் மாற்றம் மட்டுமே தெரிந்திருக்கும். இரண்டு இருந்ததால் மாற்றம் விரைவடைந்ததும் தெரிந்தது.

பெட்டகத்தில் பூட்ட முடியாத திட்டக் கல்

செவ்ர் நகரிலிருந்த உருளைக்கும் ஒரு குறை இருந்தது. அதன் பிரதிகள் பல நாடுகளுக்கு வழங்கப்பட்டிருந்தன. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது மூலத்திற்கும் பிரதிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. ஆகவே 2019 மே 20 ஆம் நாள் முதல் கிலோகிராம் அந்த உருளையை விட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணின் துணையுடன் வரையறுக்கப்படுகிறது. இனி அந்த உருளை தொலைந்தாலும் கிலோகிராம் தொலையாது.

கோழிக்கு அப்படி ஓர் இயற்கை எண் கிடையாது. கோழியின் மரபணுத் தொகுதியின் எழுத்து வரிசை 2004 இல் வெளியிடப்பட்டது உண்மைதான். ஆனால் தாளில் எழுதிய வரிசைக்குத் தீவனம் போட்டு 42 ஆம் நாளில் எடைபார்க்க முடியுமா? முடியாது. உயிருள்ள கூட்டம் அழிந்தால் திட்டக் கல்லும் அழிந்தது.

மாட்டினத்தைப்போல் விந்தை உறையவைத்துக் காத்துவிடலாமே என்று கேட்கலாம். பறவைகளில் இது பாதி வழியே. பாலூட்டிகளில் ஆணிடம் இருவகைப் பால் நிறமூர்த்தங்கள் இருப்பதுபோல், பறவைகளில் பெண்ணிடம் இருவகை உண்டு. பெட்டைக்கே உரிய நிறமூர்த்தம் சேவலின் விந்தில் இராது. கோழி முட்டையையோ, அதன் பெரிய மஞ்சள் கரு காரணமாக உறையவைத்துப் பிழைக்க வைக்க முடியாது. கருவிலுள்ள முதல்நிலை இனச்செல்களைப் பிரித்தெடுத்து நீண்ட நாள் வளர்க்க முடியும் என்று 2006 இல் காட்டப்பட்டது. இந்தச் செல்களை உறையவைத்துப் பின்னர் வேறொரு கருவில் செலுத்தி இனத்தை மீட்கலாம். இது நல்ல வழி. ஆனால் திறமையும் செலவும் மிகுந்த வழி.

இதற்கிடையே இனங்கள் குறைந்துவந்தன. ஆய்வாளர் ஓய்வு பெறுவார். அவருடைய பதவி நிரப்பப்படாது. கொட்டகைக்குப் பணம் நிற்கும். நாற்பது ஆண்டு காத்த கூட்டம் ஒரு நாளில் கலைக்கப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி ஆபத்தில் உள்ள பறவையினங்களைப் பட்டியலிட்டுக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1999 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2003 இல் 'சயின்ஸ்' இதழில் ஜேனட் ஃபுல்டன், மேரி டிலானி என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றை மீட்கும் பணி உடனே தேவை என்று எழுதினர். ஒரு காலத்தில் பல மாநிலங்களிலும் இருந்த தனிக் கோழியியல் துறைகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன.

நோயும் காத்திருக்கிறது. 2014–15 இல் அமெரிக்காவில் பரவிய பறவைக் காய்ச்சலால் சுமார் 5 கோடிக் கோழிகளும் வான்கோழிகளும் இறந்தன அல்லது அழிக்கப்பட்டன. 2022 இல் தொடங்கிய பரவல் அதையும் விஞ்சியது. ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்கும் இனத்திற்கு ஒரு கொட்டகையில் நோய் நுழைந்தாலே போதும். கிலோகிராமின் பிரதிகளைப் பல நாடுகளுக்குக் கொடுத்துவைத்த அறிவு இங்கேயும் வேண்டும். ஒரு மாநிலத்தில் அழிந்தால் அடுத்த மாநிலத்திலிருந்து முட்டை வரவேண்டும்.

துறைகள் சுருங்கும்போது கற்பிப்பதற்கும் கூட்டுறவே கைகொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் தனித்துக் கோழியியல் பாடம் நடத்த இயலாத பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டமைப்பின் வழியே தம் மாணவர்களைக் கோடை விடுமுறையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பின. அங்கே பல ஊர் ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்தினர். கோழியைக் காப்பதற்கு முன், கோழியைக் காக்கத் தெரிந்தவர்களைக் காக்க வேண்டும் அல்லவா?

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அறியப் புறப்பட்ட இடம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாரும் முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போது, யாராவது ஒருவர் புறப்பட்ட இடத்திலேயே கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓடுபவருக்குப் பரிசு உண்டு, நிற்பவருக்கு இல்லை. ஆகவேதான் அந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல் பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பையில் 50 புளியங்கொட்டைகளும் அதே அளவுள்ள 50 வெள்ளை மணிகளும் போடுங்கள். இவை ஒரு மரபணுவின் இரு வகைகள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதன் வகையைக் குறித்துக்கொண்டு மீண்டும் பையில் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 8 முறை செய்யுங்கள். 8 இல் 5 புளியங்கொட்டை, 3 மணி வந்தால், அடுத்த தலைமுறைக்குப் பையில் அதே விகிதத்தில் 5 கொட்டையும் 3 மணியும் மட்டும் வைத்து மீண்டும் 8 முறை எடுங்கள். ஒரு வகை அடியோடு மறைய எத்தனை தலைமுறை ஆகிறது என்று எண்ணுங்கள். பிறகு 8 க்குப் பதில் 40 முறை எடுத்துச் செய்து பாருங்கள். நண்பர்கள் பத்துப் பேர் தனித்தனியே செய்து முடிவுகளை ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

ஒரு கணக்கு: 100 கோழிகள் உள்ள பண்ணையில் (அ) 4 சேவல், 96 பெட்டை, (ஆ) 25 சேவல், 75 பெட்டை. இரண்டிற்கும் பயனுறு எண்ணிக்கை என்ன? (விடை: சுமார் 15, 75.) ஒப்பீட்டு இனத்திற்கு எந்த ஏற்பாடு ஏற்றது? முட்டை விற்பனைக்காகவே வளர்ப்பவர் ஏன் அந்த ஏற்பாட்டை விரும்பமாட்டார்? காரணத்தை எழுதுங்கள்.